அத்தையின் நிச்சயத்துக்கு வந்த போலீஸ் படை

என் அத்தையின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைவிடப் போலீஸ்காரர்கள்தான் அதிகமாக வந்திருந்தார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. மறுநாள் பள்ளியில் இதைச் சொன்னபோது பக்கத்து நாற்காலிக்காரி நம்பவில்லை. மோட்டார் சைக்கிள் போலீஸ், நாய் பிடித்த போலீஸ், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சட்டைக் காலரோடு பேசுகிற போலீஸ் என்று வகை வகையாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க அத்தை என்னா தப்பு செஞ்சாங்க?" என்றாள். அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

அத்தை ஒரு தப்பும் செய்யவில்லை. முப்பத்து நான்கு வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்ததே தப்புதான் என்று உறவுக்காரர்கள் சிலர் நினைத்தார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரே தங்கை. கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தார். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, குளித்து, வாசலுக்கு வரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். ஞாயிற்றுக்கிழமையும் அதே மூன்றரைக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, பிறகு இன்று ஞாயிறு என்று நினைவு வந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மறுபடி படுப்பார். அவர் பக்கத்தில் படுப்பவள் நான் என்பதால் அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் தெரியும்.

பொந்தியானில் பழக்கடை வைத்திருந்த ஒருவர் அத்தையைப் பெண் பார்க்க வந்தார். வந்தவருக்கு அத்தையைப் பிடித்துவிட்டது. அத்தைக்கும் பிடித்திருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தார், வழக்கமாக அம்மா மடிக்கும் துணியையும் சேர்த்து. சிக்கல் மாப்பிள்ளையின் அம்மாவிடம் இருந்தது. எங்கள் வீட்டில் அவருக்குப் பொந்தியான் அம்மா என்று பெயர். பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் பல் துலக்குவதுகூட இல்லை என்று மாமா சொல்லுவார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். பொய் சொல்லும்போதும் பஸ் ஓட்டுவது போலத்தான், பதற்றமே இருக்காது. ஆனால் பொந்தியான் அம்மாவைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. முதலில் குறித்த நிச்சயதார்த்த நாளில் அவர்கள் புறப்பட்டு வரும் வழியில் கார் டயர் வெடித்தது. டயரை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். அந்த அம்மா காரைப் பொந்தியானுக்கே திருப்பச் சொல்லிவிட்டார். மண்டபத்தில் கேசரி ஆறிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது.

"கால எடுத்து வைக்கிறப்பவே தடங்கல். சாமிக்கு இஷ்டமில்ல போல," என்றாராம்.

மாப்பிள்ளை தன் அம்மாவிடம் மன்றாடி இன்னொரு நாள் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் பிறப்பதற்குள், அதாவது பகல் பன்னிரண்டுக்குள், தட்டு மாற்றிவிட வேண்டும். இன்னொரு தடங்கல் வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று பொந்தியான் அம்மா அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை.

இனி அமைச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நாட்டில் அவரைப் பிடித்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இல்லை. பாலத்தில் தினமும் மணிக்கணக்காக நிற்கிறோம் என்று மக்கள் புலம்பியபோது, அவர் தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு, எல்லாரும் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொண்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். மூன்றரை மணிக்கு எழுந்து ஓடுகிற ஊர் இது. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வந்து சோற்றுத் தட்டோடு உட்காருவார். செய்தியில் அந்த முகம் வந்தால் போதும், "என் தங்கச்சி எழுந்திருக்கிற நேரத்துல நீ எழுந்திருச்சு காட்டுலா, பார்ப்போம்!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார். அம்மா சத்தத்தைக் குறைப்பார். தொலைக்காட்சியின் சத்தத்தைத்தான், அப்பாவின் சத்தத்தைக் குறைக்க முடியாது.

வேறொரு ஊரில் அவர் பேசப் போனபோது யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து ஒரு புட்டித் தண்ணீரை அவர் முகத்தில் விசிறி, "பாங்குன்! பாங்குன்!" என்று கத்தியிருந்தார். எழுந்திரு, எழுந்திரு என்று. அது நாடு முழுக்கப் பரவி, பிள்ளைகள்கூட விளையாட்டில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துப் பாங்குன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அமைச்சர் போகுமிடமெல்லாம் ஒரு போலீஸ் படை கூடவே போனது. கத்தி துப்பாக்கியைவிட அவர்கள் தண்ணீர்ப் புட்டியைத்தான் மும்முரமாகத் தேடினார்கள்.

அந்த அமைச்சர், அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் பொதுமண்டபத்துக்கு எதிரே புதிதாகக் கட்டிய பூங்காவைத் திறந்துவைக்க வருகிறார் என்று நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தகவல் வந்தது. மண்டபத்தில்தான் எங்கள் நிச்சயதார்த்தம். அப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மண்டபத்தை உபயோகிக்கலாம், ஆனால் காலை எட்டுக்குமேல் உள்ளே எந்த வண்டியும், வெளியூர் ஆளும் வர முடியாது, அமைச்சர் திரும்பிப் போன பிறகுதான் சாலையைத் திறப்போம் என்றார்கள். எட்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று பொந்தியானுக்குப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நல்ல நேரம் பிறக்காமல் வாசற்படி தாண்ட மாட்டேன் என்று பதில் வந்தது. அமைச்சர் வரும் செய்தியைச் சொல்லவும் பயம். சொன்னால் அதுவே தடங்கலாகிவிடும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். எதற்கென்று சொல்லாமலே எனக்கும் மூடச் சொல்லி உத்தரவு.

அந்த ஞாயிறு எனக்குத் தீபாவளி போல இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க மாத்தா. மாமா போலீஸை எப்போதும் மாத்தா என்றுதான் சொல்வார். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்புகள், முனைக்கு முனை வண்டிகள், வடிகாலுக்குள் குனிந்து பார்க்கும் ஆட்கள், மேலே வட்டமிடும் ஒரு ஹெலிகாப்டர். எதிர்வீட்டுத் தொட்டிச் செடிகளைக்கூட ஒருவர் குச்சியால் கிளறிப் பார்த்தார். அத்தைக்காக இவ்வளவு ஏற்பாடு நடப்பதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கும் ஒரு முக்கியமான வேலை கொடுத்திருந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்க வேண்டும். செம்பு கோயிலிலிருந்து இரவல் வாங்கியது. நீளக் கழுத்தும், உச்சியில் பூவிதழ் போல விரிந்து துளை துளையாக இருக்கும் மூடியுமாக என் கையைவிடப் பெரியது. அப்பா பெரிய ரோஜா மாலையை மாப்பிள்ளை கழுத்தில் போடுவார். மாலை கழுத்தில் விழுந்தவுடன் நான் பன்னீர் தெளிக்க வேண்டும். "மாலை விழுந்த உடனே, சரியா? முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல," என்று அம்மா என்னிடம் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். மண்டபத்தைச் சோதிக்க வந்த ஒரு பெண் போலீஸ் செம்பை முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தெளித்துக் கழுத்தில் தடவிக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். வெளியே நின்றவர்களிடம் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பத்தரை ஆகியும் பொந்தியான்காரர்கள் வரவில்லை. நான் மண்டபத்தின் பின்னறைக்கு ஓடினேன். அத்தை மல்லிகை வைத்துக்கொண்டு, அரக்குச் சேலையில், கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிச் சிரிப்பு. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

வாசலில் அப்பா மாலைப் பெட்டியோடு நின்றுகொண்டிருக்க, மாமா கைப்பேசியை மூடிவிட்டு, "முச்சந்தியில நிறுத்திட்டாங்க மச்சான். நான் பார்த்துக்கிறேன்," என்றார். போகிற வேகத்தில் என் கையையும் பிடித்துக்கொண்டார். பாவாடை கட்டிய பிள்ளை பன்னீர்ச் செம்போடு வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்தாராம். அதனால் அன்று நடந்த பித்தலாட்டம் முழுவதையும் நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று கார்கள். பெண்கள் மடியில் சீர்த்தட்டுகள். முதல் காரின் முன்னிருக்கையில் பொந்தியான் அம்மா, மடியில் தேங்காய்த் தட்டு, உதடு இறுகிய முகம். பக்கத்தில் மாப்பிள்ளை வேட்டி சட்டையில் வியர்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஒரு போலீஸ் சார்ஜன் கையை விரித்துச் சாலை மூடியாகிவிட்டது என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அவரைத் தெரியும். காலையில் பேருந்தை நிறுத்திச் சோதிக்கிறவர்.

மாமா சார்ஜனின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். நான் செம்போடு பின்னாலேயே போனேன். "அமைச்சர் டத்தோவை வரவேற்க யார் இருக்கிறார்கள், காட்டுங்கள்," என்று மாமா கேட்டார். சார்ஜன் திரும்பிப் பார்த்தார். தடுப்புகளுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்புக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் வரவேற்பு இல்லை. கொம்பாங் மேளம் அடிக்க வந்த பையன்கள் நிழலில் நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தார்கள். "பட்டுச் சேலை, தட்டு, பழம், பூ. முழு இந்திய வரவேற்பு. நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கீங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா உங்க பேரச் சொல்லட்டுமா?" என்று மாமா மலாயில் கேட்டார். சார்ஜன் அவசரமாக வாக்கி டாக்கியை எடுத்தார். பாத்தேக் சட்டை போட்ட ஏற்பாட்டாளர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மூன்று கார் நிறைய வரவேற்பு ஆட்களைப் பார்த்ததும் அவர் மாமாவைக் கட்டிப்பிடிக்காத குறை.

பிறகு மாமா முதல் காரின் ஜன்னலில் குனிந்து, குரலை மாற்றிக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். மச்சான் பெரிய ஏற்பாடு செஞ்சிருக்காரு. போலீஸ் மோட்டார் முன்னால போகும். நீங்க தட்டோட இறங்கி, பின்னால நடந்து வாங்க. ராஜ மரியாதைலா."

பொந்தியான் அம்மா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். சார்ஜனைப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஆனால் தட்டுகளைச் சோதிக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளையெல்லாம் வாங்கி ஒரு கூடையில் போட்டார்கள். அன்னாசிப் பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, உள்ளே தண்ணீர் இருக்கிறதே என்று சார்ஜனைக் கேட்டார். அதற்கு மூடி இல்லை, கடவுள் அடைத்தது, உடைக்காமல் யாராலும் தெளிக்க முடியாது என்று மாமா விளக்கினார். கொஞ்ச நேரம் ஆலோசித்துத் தேங்காயை விட்டார்கள். அடுத்து நாய் வந்தது. ஒவ்வொரு தட்டாக முகர்ந்துகொண்டே வந்து, நெய் லட்டுத் தட்டுக்கு முன்னால் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. பிடித்திருந்தவர் முகம் மாறியது. நான்கு பேர் பாய்ந்து வந்தார்கள். சீர்த்தட்டில் நாய் மூக்கை வைத்துவிட்டதே என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது.

"பைரவர்!" என்று கத்தினார் மாமா. "சாமியே வந்து உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணுது, பாருங்க!"

பொந்தியான் அம்மா தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, நாயைப் பார்த்துக் கைகூப்பினார். உடனே பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும் கூப்பினார்கள். நாய் வாலை ஆட்டியது. போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு லட்டை உடைத்துப் பார்த்து, நாய்க்கும் பாதி கொடுத்து, வழிவிட்டார்கள்.

இப்படித்தான் என் அத்தையின் மாப்பிள்ளை, முன்னால் இரண்டு போலீஸ் மோட்டார் சைக்கிள் போக, சீர்த்தட்டு ஊர்வலத்தோடு எங்கள் தெருவில் நடந்து வந்தார். கொம்பாங் பையன்களும் வாயைத் துடைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நேரே மண்டபத்துக்குள் போய்விடலாம் என்பது மாமாவின் திட்டம். ஏற்பாட்டாளர் விடவில்லை. மண்டப வாசலின் இரண்டு பக்கமும் தட்டுகளோடு எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். அதற்குள் கறுப்புக் கார்கள் வந்து நின்றன. ஏற்பாட்டாளரின் கண் அப்பாவின் கையில் இருந்த ரோஜா மாலையில் விழுந்தது. சீக்கிரம், சீக்கிரம், முன்னால் வாருங்கள் என்று அப்பாவைப் பிடித்து இழுத்தார்.

மாமா அப்பாவின் காதில் விஷயத்தைச் சொன்னார். அப்பாவின் முகம் கறுத்தது.

"என்னால முடியாதுடா. அந்த ஆளுக்கா? என் கையாலயா?"

"மச்சான், இப்ப முடியாதுன்னா எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவாங்க. உள்ள தங்கச்சி உட்கார்ந்திருக்கு."

அமைச்சர் காரிலிருந்து இறங்கினார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளம், களைத்த முகம். சுற்றிலும் அத்தனை போலீஸ் நின்றும் அவர் கண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தன. மாலையைப் பார்த்ததும் கொஞ்சம் நம்ப முடியாதவர் போல நின்று, தலையைக் குனிந்தார். அப்பா அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அப்பா மாலையை விரித்து அந்தக் கழுத்தில் போட்டார்.

எனக்கு இது மாப்பிள்ளை இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அம்மா சொன்னது என்ன? மாலை விழுந்த உடனே. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்து, செம்பை இரண்டு கையாலும் பிடித்து, என் பலம் முழுவதையும் கொடுத்து வீசினேன். கோயில் செம்பின் மூடி லூசாக இருந்திருக்கிறது. மூடி பறந்தது. உள்ளே இருந்த பன்னீர் அத்தனையும் அமைச்சரின் முகத்தில் போய் விழுந்தது.

அடுத்த நொடி நான் தரையில் இல்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் என்னை அப்படியே மேலே தூக்கிவிட்டார். இன்னொருவர் அமைச்சருக்கு முன்னால் கைப்பெட்டியைக் கேடயம் போல விரித்தார். யாரோ மூடியின்மேல் பாய்ந்து படுத்தார். பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "பாங்குன்!" என்றது. தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. உயரத்தில் இருந்ததால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவைத்தான் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்காரருக்கும் அமைச்சருக்கும் நடுவில் புகுந்து, கைகூப்பி, குனிந்து நின்றார். மன்னிக்க வேண்டும் டத்தோ, குழந்தை, இது பன்னீர், எங்கள் வழக்கம் என்று மலாயில் சொன்னார். மரியாதைக்குரியவர்களுக்குத்தான் இதைச் செய்வோம் என்றும் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் குனிந்தார். தட்டோடு பக்கத்தில் நின்ற பொந்தியான் அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமைச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சிரித்துவிட்டார். "பரவாயில்லை, இந்த ஊர்த் தண்ணீர் வாசனையாக இருக்கிறது," என்றார். என்னை இறக்கிவிட்டார்கள். பொந்தியான் அம்மா சட்டென்று தன் தட்டிலிருந்து கற்கண்டு எடுத்து நீட்டினார். அமைச்சர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாலையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பூங்காவுக்கு நடந்தார். நாடாவை வெட்டினார், ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், போய்விட்டார்.

பன்னிரண்டு அடிப்பதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் மாப்பிள்ளைக்கு மாலை இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. அமைச்சர் கழுத்தில் கிடந்ததை எடுத்துப் போட முடியாது. அம்மா பயந்துபோய்ப் பொந்தியான் அம்மாவைப் பார்த்தார். டயர் வெடித்ததற்குத் திரும்பிப் போன மனுஷி அவர்.

"மாலைதானே? கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம்லா," என்றார் அவர் வெகு சாதாரணமாக. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் அப்போது லட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் இதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதற்குப் பின் வந்த நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். சீனர் கோப்பிக் கடையில் எனக்கு ஐஸ் காச்சாங் இலவசம். பத்திரிகைக் கடைக்காரர் மிட்டாய் கொடுத்தார். பேருந்துக்கு நிற்கும் அக்காமார் கன்னத்தைக் கிள்ளினார்கள். எங்கே போனாலும், "இந்தப் புள்ளதான்!" என்றார்கள். நான் பன்னீர் தெளித்த அழகு எல்லாருக்கும் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் செம்புத் தம்ளரை வைத்துப் பயிற்சி எடுத்தேன்.

அப்பாவின் கதை வேறு. அப்பா மாலை போடும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. ஊர் மக்கள் திரண்டு வரவேற்றார்கள் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் திரண்டிருந்த ஊர் மக்கள் எல்லாரும் பொந்தியான்காரர்கள். அன்றிலிருந்து அப்பா கோப்பிக் கடைக்குள் நுழைந்தால், "டத்தோவோட ஆள் வந்துட்டாரு, நாற்காலி போடு," என்பார்கள். ஒருநாள் அவர் மேசையில் ஒரு ரோஜாப் பூவை வைத்திருந்தார்கள். தினமும் அமைச்சரைத் திட்டுவதில் அந்தக் கடையிலேயே முதல் ஆள் அவர்தான். இப்போது ஒன்றும் பேசாமல் தே தாரேயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். மாப்பிள்ளை வீட்டை உள்ளே கொண்டுவரத்தான் போட்டேன் என்று சொன்னால் முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதும்மா. பேச்சு பொந்தியான் வரைக்கும் போயிடும். அந்த மரியாதையெல்லாம் தங்களுக்குன்னு நம்பிக்கிட்டிருக்காங்க," என்றார். போனால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா ரோஷம் இல்லாதவர் என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கல்யாணம் நடந்து, அத்தை பொந்தியானுக்குப் போனார். கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு மணிவரை தூங்குகிறார் என்று மாமா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். பொந்தியான் அம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என் மகன் நிச்சயத்துக்குப் போலீஸ் மோட்டார் முன்னால போச்சு. எந்தச் சம்பந்தி இப்படிச் செய்வாங்க?" என்று ஆரம்பிப்பார். அப்பா தலையாட்டிக்கொண்டே அவர் கோப்பையில் தேநீரை ஊற்றுவார்.

போன மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். அதே மண்டபம். அதே பின்னறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, பொந்தியான் அம்மா பூவைச் சரிசெய்ய உள்ளே வந்தார். முழங்கால் வலியால் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருடம் கழித்து இனி என்ன என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அன்றைய உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, நான் பொந்தியான் பாசார்ல மலாய்க்காரங்களோட முப்பது வருஷம் யாவாரம் பண்ணவ. உங்க மாமன் அந்தச் சார்ஜன்கிட்ட பேசுனது எனக்குக் கேக்காதா? மறுநாள் பேப்பர்லயும் நான்தானே பல்ல காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் திரும்பிப் போகல?"

"திரும்பணும்னுதான் இறங்குனேன். தட்டு கையில, எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே நடந்து வந்தேன். வாசல்ல உங்கப்பாவப் பார்த்தேன். அந்த மந்திரியக் கண்டாலே ஆகாதுன்னு பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அவரு வாயால கேட்டிருக்கேன். அந்த ஆளுக்கே மாலை போட்டு, குனிஞ்சு நின்னாரு. தங்கச்சிக்காக இப்படிக் குனியிற வீட்டுல பொண்ணு எடுக்காம, வேற என்னா சகுனத்துக்கு நான் காத்திருக்கணும்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மை அழியும் என்று அவரே சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டார்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடாத. பாவம், இத்தனை வருஷமா எவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சுக்கிட்டிருக்காரு."

கதவைத் தட்டிக்கொண்டு அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களாம், சாலையில் ஒரு தடையும் இல்லையாம். பொந்தியான் அம்மாவைப் பார்த்ததும் வழக்கம்போலக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"என்னா சம்பந்தி, இந்த நிச்சயத்துக்குப் போலீஸ் மோட்டார் இல்லையா?" என்று அவர் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தத் தடவ ஏற்பாடு பண்ண முடியலைங்க," என்றார்.

எட்டு வயதில் அந்த வாசலில் நின்றுகொண்டு, அன்று நடந்ததிலேயே பெரிய காரியம் நான் பன்னீர் தெளித்ததுதான் என்று நினைத்திருந்தேன்.